ஜனநாயக ஏற்றுமதி – கடிதம்

வணக்கம்.

அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்டை மூடிய பிறகு, உலகத்தில் ஜனநாயகம் பேச இனி ஆளில்லை என்று ஒரு நண்பர் வருந்துகிறார். அமெரிக்காவின் ஜனநாயகப் பேச்சு என்றைக்குமே சுயநலம்தான், இப்போது வேஷம் கலைந்தது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாமவர் பக்கம்தான் நியாயம் அதிகம். ஆனால் முழுக்க வேஷம் என்று தள்ளிவிட முடியாது.

தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை ராணுவம் கவிழ்த்தால் அந்த நாட்டுக்கு உதவியை நிறுத்தச் சொல்லும் பிரிவு ஒன்று அமெரிக்க நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் உண்டு. 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அது பாய்ந்தது. சில மில்லியன் டாலர் நின்றது. (இரு நாடுகளும் நடத்தும் கோப்ரா கோல்டு கூட்டு ராணுவப் பயிற்சி நிற்கவில்லை, அளவுதான் குறைந்தது.) அதற்கு முந்தைய ஆண்டு எகிப்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் முர்சி கவிழ்க்கப்பட்டபோதோ, நடந்தது ராணுவப் புரட்சியா என்று தீர்மானிக்கும் கட்டாயம் தனக்கில்லை என ஒபாமா அரசு நழுவிக்கொண்டது. தீர்மானித்தால் ஆண்டுக்கு 130 கோடி டாலர் ராணுவ உதவி நிற்கும். அதில் பெரும்பகுதி அமெரிக்க ஆயுத ஆலைகளுக்கே திரும்பும் பணம். வரும் ஆண்டுகளின் உதவியை நம்பியே எகிப்துக்காக ஆயுத ஒப்பந்தங்கள் போடப்பட்டிருந்தன. நிறுத்தினால் அந்தச் செலவு அமெரிக்க அரசின் தலையில் விழும். சூயஸ் கால்வாயும் இஸ்ரேலுடனான சமாதானமும் வேறு. 2013 அக்டோபரில் எகிப்துக்கான எஃப்-16 போர் விமானங்களை நிறுத்திவைத்தார்கள்; 2015 மார்ச்சில் விடுவித்தார்கள்.

இலட்சியம் இருப்பது சில்லறைப் பணத்தில். தொழிற்சங்கம், தேர்தல் கண்காணிப்பு, சிறு பத்திரிகை ஆகியவற்றுக்கு 1983இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் ஜனநாயகத்துக்கான தேசிய அறக்கட்டளை நிதி தருகிறது. அந்த வேலையில் இருப்பவர்கள் பலர் மனதார நம்பித்தான் செய்கிறார்கள். அவர்கள் எதுவரை போகலாம் என்பதை முடிவு செய்வது ராணுவக் கணக்கு.

நம் ஊரிலேயே பார்த்ததுதான். வழக்கறிஞர்களை எதிர்க்கட்சி வேட்பாளர்களாக நிற்கத் தூண்டினார் என்று 1988 மே மாதம் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஹெண்ட்ரிக்சனைச் சிங்கப்பூர் வெளியேற்றியது. பதிலுக்கு அவர்களும் நம் அதிகாரி ஒருவரை அனுப்பிவைத்தார்கள். ஆனால் பிலிப்பீன்ஸில் இருந்த அமெரிக்க ராணுவத் தளங்களின் ஒப்பந்தக் காலம் 1991இல் முடியவிருந்தது. 1990 நவம்பரில் சிங்கப்பூரின் பாய லேபார் விமானத் தளத்தையும் செம்பவாங் துறைமுக வசதிகளையும் அமெரிக்கப் படைகள் பயன்படுத்த உடன்பாடு கையெழுத்தானது. 2019இல் அதை 2035 வரை நீட்டித்தார்கள். அமெரிக்கா கூட்டிய 2021 ஜனநாயக உச்சநிலை மாநாட்டுக்கு மட்டும் சிங்கப்பூருக்கு அழைப்பில்லை!

முதல் நண்பரின் வருத்தத்திலும் பொருள் உண்டு. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகளை முடக்கியபோது, இஸ்ரேலுக்கும் எகிப்துக்குமான ராணுவ நிதிக்கு விலக்குக் கொடுத்தார்கள். தாய்லாந்து எல்லையோரம் இயங்கும் மியன்மார் ஊடகங்களுக்குக் கொடுக்கவில்லை.