ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளி வரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கணினியியலும் மருத்துவமும் பொறியியலும் கைகோக்கும் ஆய்வுகளைப் பற்றி இம்மாதம் வந்த கேள்விகளில் ஐந்து இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி: என் தாயாருக்குப் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். எங்கள் ஊரில் நடந்த கண் பரிசோதனை முகாமில் ஒரு செவிலியர் விழித்திரையைப் படம் எடுத்தார். கண் மருத்துவர் யாரும் பார்க்காமலே, சில நிமிடங்களில் கணினி ‘பாதிப்பு இல்லை’ என்று சொல்லிவிட்டது. இதை நம்பலாமா? (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: உங்கள் கவலை நியாயமானது. சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பலவீனப்படுத்தி, அவற்றில் சிறு புடைப்புகளையும் கசிவுகளையும் உண்டாக்குகிறது. பாதிப்பு வெகுவாக முற்றும் வரை பார்வையில் எந்தக் குறையும் தெரியாமல் இருக்கலாம் என்பதே இந்நோயின் கொடுமை. தெரிய வரும்போது லேசர் சிகிச்சையாலும் ஊசி மருந்தாலும் மேலும் இழக்காமல் காக்க முடியுமே தவிர, இழந்த பார்வை முழுவதையும் மீட்பது கடினம். ஆகவேதான் குறையேதும் தெரியாதவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும் என்கிறார்கள். அத்தனை பேரையும் பார்க்கும் அளவுக்குக் கண் மருத்துவர்கள் இல்லாததால்தான் இந்த வேலைக்குக் கணினியைப் பழக்கும் முயற்சி தொடங்கியது.

2016-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். 1,28,175 விழித்திரைப் படங்களை அமெரிக்காவின் 54 கண் மருத்துவர்களிடம் கொடுத்து, ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை தரம் பிரிக்கச் செய்து, அந்தத் தீர்ப்புகளைக் கொண்டு கணினியைப் பழக்கினார்கள். அந்தப் படங்களில் ஒரு பகுதி இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்து சென்றவை. பழகிய கணினி, சேமிப்பில் இருந்த வேறு படங்களைப் பார்த்து, நோயுள்ளவர்களில் 96 முதல் 97.5 சதவீதத்தினரைச் சரியாகக் கண்டுபிடித்தது.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது 2019-இல் வெளியான அடுத்த ஆய்வுதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் சென்னை சங்கர நேத்ராலயாவுக்கும் வந்த மொத்தம் 3,049 நோயாளிகளின் கண்களை அதே முறையில் சோதித்தபோது, நோயைக் கண்டறியும் திறன் மதுரையில் 88.9 சதவீதமாகவும் சென்னையில் 92.1 சதவீதமாகவும் இருந்தது. முதல் ஆய்வைவிட இது குறைவுதான். ஆனால் அந்த மருத்துவமனைகளில் வழக்கமாகப் படம் பார்த்துத் தரம் பிரிப்பவர்களின் திறன் ஆளுக்கு ஆள் மாறுபட்டு 73 முதல் 90 சதவீதம் வரை இருந்ததால், கணினி அவர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ செயல்பட்டது என்ற முடிவு நேர்மையாகவே எட்டப்பட்டது. மதுரையின் எண்ணை மறுபுறமாகப் படித்தால், நோயுள்ள நூறு பேரில் பதினோரு பேரைக் கணினி தவறவிட்டது என்று பொருள்.

தாய்லாந்தின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். அங்கே பதும் தானி, சியாங் மாய் பகுதிகளில் உள்ள 11 சிறு மருத்துவ நிலையங்களில் இதே வகை மென்பொருளைப் பயன்படுத்தியபோது நடந்தவை 2020-இல் ஓர் ஆய்வாக வெளிவந்தன. முதல் ஆறு மாதங்களில் செவிலியர்கள் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தெளிவு போதாது என்று கணினி ஏற்க மறுத்தது. அறையை இருட்டாக்க வசதியில்லாத இடங்களில் படங்கள் மங்கலாக வந்தன. இணைய வேகம் குறைந்த நாட்களில் வரிசை நீண்டது. படம் மறுக்கப்பட்டவர்கள் வேறோர் ஊருக்கு, வேறொரு நாளில், கூலியை இழந்து செல்ல வேண்டியதாயிற்று. அங்கே மென்பொருளின் அறிவுக்குப் பஞ்சமில்லை. அறையும் இணைய வசதியும் நேரமும்தான் போதவில்லை.

உங்கள் தாயாரைப் பொறுத்தவரை, முகாம் நடத்தியவர்களிடம் இரண்டு கண்களின் படங்களும் தெளிவாக வந்தனவா என்று கேட்டு, அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய மென்பொருள் பொதுவாகத் தேடுவது சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பை மட்டுமே; கண் நீர் அழுத்தத்துக்கும் கண்புரைக்கும் ‘பாதிப்பு இல்லை’ என்ற அந்தச் சொல் பொருந்தாது. பதினெட்டு ஆண்டுக் கால நோய் என்பதால், இந்த முறை கண் பாவையை விரித்துப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. பார்வையில் திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ மங்கல் ஏற்பட்டாலோ ஆண்டுப் பரிசோதனைக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

கேள்வி: நான் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நெஞ்சக எக்ஸ்ரே படங்களைக் கொண்டு நுரையீரல் நோயைக் கண்டறியும் மென்பொருளை நாங்கள் நால்வர் உருவாக்கியிருக்கிறோம். துல்லியம் 99 சதவீதம். இதை மருத்துவமனைகளுக்குக் கொடுக்கலாமா? (மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: உழைப்புக்குப் பாராட்டு. ஆனால் கொடுப்பதற்கு முன், அந்த 99 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடுங்கள்.

கொரோனா தொற்றின் முதலாண்டில் உலகெங்கும் உங்களைப் போலவே ஆயிரக்கணக்கானோர் எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் படங்களிலிருந்து நோயைக் கண்டறியும் மென்பொருள்களை உருவாக்கினார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு அவற்றில் 2,212 ஆய்வுகளைத் திரட்டி, தரத்தின் அடிப்படையில் வடிகட்டி, எஞ்சிய 62-ஐ ஆழமாகப் படித்தது. அவற்றில் ஒன்றுகூட மருத்துவமனையில் பயன்படுத்தும் தகுதியை எட்டவில்லை என்று 2021 மார்ச்சில் அக்குழு அறிவித்தது. சில ஆய்வுகளில், ‘கொரோனா இல்லாதவர்’ என்ற தொகுப்பில் இருந்தவை ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் படங்கள். கொரோனா நோயாளிகளோ பெரியவர்கள். கணினி கற்றுக்கொண்டது குழந்தையின் நெஞ்சுக்கும் பெரியவரின் நெஞ்சுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். அதற்குக் கிடைத்த மதிப்பெண்ணை நோயறியும் திறன் என்று எழுதிவிட்டார்கள்.

2018-இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். நிமோனியாவைக் கண்டறியப் பழக்கப்பட்ட கணினி, ஒரு படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை ஏறத்தாழப் பிழையின்றிச் சொல்லக்கூடியதாக இருந்தது. படத்தின் ஓரத்தில் தொழில்நுட்பர் வைக்கும் உலோகக் குறி போன்றவையே அதற்குப் போதுமானவையாக இருந்தன. நிமோனியா அதிகமுள்ள மருத்துவமனை எது என்று தெரிந்துவிட்டால் நுரையீரலைப் பார்க்காமலே பாதி விடையைச் சொல்லிவிடலாம் அல்லவா? வேறு மருத்துவமனையின் படங்களைக் கொடுத்தபோது அதன் திறன் பல சோதனைகளில் சரிந்தது.

ஆகவே இவற்றைச் செய்து பாருங்கள். ஒரே நோயாளியின் படங்கள் பயிற்சித் தொகுப்பிலும் தேர்வுத் தொகுப்பிலும் கலந்திருந்தால் பிரித்தெடுங்கள். பிறகு எல்லாப் படங்களிலும் நுரையீரல் இருக்கும் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்துவிட்டு, கணினியைப் பழக்குவதிலிருந்து தொடங்கி மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். அப்போதும் 90-க்கு மேல் வந்தால், உங்கள் மென்பொருள் நுரையீரலைப் படிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். இவற்றையெல்லாம் கடந்த பின்பு, உங்கள் ஊர் மருத்துவமனை ஒன்றின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெற்று, அங்குள்ள பழைய படங்களில் சோதியுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்து, நோயுள்ளவரையும் இல்லாதவரையும் உண்மையிலேயே 99 சதவீதம் சரியாகப் பிரிக்கும் மென்பொருளாக அது இருந்தாலும், ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டுமே நோய் உள்ள ஊரில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பத்தாயிரம் பேரில் நோயாளிகள் பத்துப் பேர். அவர்களை அது பிடித்துவிடும். மீதியுள்ள 9,990 பேரில் ஒரு சதவீதத்தினரை, அதாவது ஏறத்தாழ நூறு பேரை, நோயாளி என்று தவறாகச் சொல்லும். அழைத்து அச்சுறுத்தப்பட்ட 110 பேரில் நூறு பேர் நலமானவர்கள். ஒரு துல்லிய எண்ணை மட்டும் எழுதி முடிக்கும் கட்டுரைகள் இதைச் சொல்வதில்லை. உங்கள் கட்டுரை சொல்லட்டும்.

கேள்வி: கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரை, ஆஸ்துமா உள்ள என் கணவருக்காக இன்றும் வைத்திருக்கிறேன். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு அது தவறாகக் காட்டும் என்பது உண்மையா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: உண்மைதான். விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, மறுபக்கம் வந்து சேரும் ஒளியை அளப்பதே இக்கருவியின் வேலை. பிராணவாயு ஏறிய இரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாகவும், ஏறாத இரத்தம் அதிகமாகவும் உறிஞ்சும். நாடி துடிக்கும்போது மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி இரத்தத்தின் நிலையை அறியலாம் என்ற அருமையான யோசனையை 1970-களின் தொடக்கத்தில் தந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயகி. ஆனால் தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சுகிறது.

2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள், கருவி பிராணவாயு அளவை 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரங்களில் தமனி இரத்தத்தையும் எடுத்துச் சோதித்த பதிவுகளைப் பார்த்தார்கள். உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்த தருணங்கள் வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, இக்கருவியைக் குறைந்தது பத்துப் பேரிடம் சோதித்தால் போதும். அவர்களில் இருவராவது கறுத்த தோல் உடையவராக இருக்க வேண்டும், அவ்வளவே. கோடிக்கணக்கானோரின் மூச்சைக் கணிக்கும் கருவிக்கு இரண்டு பேர் போதும் என்று எண்ணியதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. 2025 ஜனவரியில் வெளியான புதிய வரைவு, சோதிக்கப்பட வேண்டியவர்களின் மொத்த எண்ணிக்கையைப் பத்திலிருந்து 150-ஆக உயர்த்தச் சொல்கிறது.

கருவியை எறிய வேண்டாம். உங்கள் கணவர் நலமாக இருக்கும் நாட்களில் அது எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். அதிலிருந்து மூன்று, நான்கு புள்ளிகள் இறங்கினால் அதைப் பொருட்படுத்துங்கள். கை சில்லிட்டிருக்கும்போதும், நகச்சாயம் பூசியிருக்கும்போதும் அளவு பிழையாகலாம். பேசவே முடியாமல் மூச்சு வாங்குகிறது என்றால், கருவி 95 காட்டினாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பின் என் அண்ணனால் பேச முடியவில்லை. மூளையில் கருவி பொருத்திப் பேச வைக்கிறார்கள் என்று செய்தி வந்தது. தமிழிலும் அது வருமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் படித்தது, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து 2024 ஆகஸ்டில் வெளியான ஆய்வாக இருக்கலாம். தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாக அழியும் ஏ.எல்.எஸ். நோயால் பேச்சை இழந்த 45 வயதான ஒருவரின் மூளையில், பேச்சுக்கான அசைவுகளை ஏவும் பகுதியில், 256 நுண் மின்முனைகளைப் பொருத்தினார்கள். முதல் நாளிலேயே ஐம்பது சொற்களுக்குள் 99.6 சதவீதம் சரியாக வந்தது. பின்னர் 1,25,000 சொற்களைக் கொண்ட அகராதியில் 97.5 சதவீதத்தை எட்டி, எட்டு மாதங்களுக்கு மேல் நிலைத்தது. நோய்க்கு முன் பதிவான அவருடைய குரலிலேயே கணினி அவற்றைப் படித்துக் காட்டியது.

அண்ணனுக்கு இது பொருந்துமா என்பது, பக்கவாதம் எந்த இடத்தைத் தாக்கியது என்பதைப் பொறுத்தது. மூளைத்தண்டில் ஏற்பட்ட பக்கவாதம் என்றால், சொல்ல நினைப்பது உள்ளே முழுமையாக இருந்து, வாய்க்குப் போகும் வழி மட்டும் அறுபட்டிருக்கும். அத்தகைய ஒரு பெண்மணிக்கு சான் பிரான்சிஸ்கோ வளாக ஆய்வாளர்கள் 2023-இல் நிமிடத்துக்கு 78 சொற்கள் என்ற வேகத்தில் பேச்சை மீட்டுத் தந்திருக்கிறார்கள். மொழியைக் கையாளும் பகுதியே சேதமடைந்திருந்தால், இக்கருவி படிக்கக்கூடிய செய்தி அங்கே முழுமையாக உருவாவதில்லை. நரம்பியல் மருத்துவரிடம் இந்த ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள். மேலே சொன்ன இரண்டு கருவிகளும் இன்னும் ஆராய்ச்சி நிலையில் உள்ளவை. அண்ணனுக்கு இன்று கைகொடுக்கக்கூடியவை பேச்சுப் பயிற்சியும் படம் காட்டும் பலகையும்தான்.

தமிழைப் பற்றிய கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கருவி மூளையிலிருந்து எடுப்பது சொற்களை அல்ல, ஒலியன்கள் எனப்படும் மொழியின் அடிப்படை ஒலிகளை. அவற்றைச் சொற்களாகக் கோப்பது, எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கும் ‘மொழி மாதிரி’ என்ற கணினி நிரல். ஒலியன்கள் நம் மொழியில் பெரிய தடையாக இரா. ஆனால் ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று ஒரே சொல்லில் வினையும் காலமும் பன்மையும் வேற்றுமையும் அடுக்கும் மொழிக்கு, முடிந்த சொற்களின் பட்டியல் எத்தனை இலட்சமானாலும் போதாது. வேர்ச்சொல்லையும் விகுதியையும் தனித்தனியாக அடையாளம் காணும் முறை வேண்டும். எழுத்துத் தமிழோடு பேச்சுத் தமிழின் பதிவுகளும் பெருமளவில் வேண்டும். நம் கணினி மொழியியலாளர்கள் இப்போதே தொடங்கக்கூடிய வேலை இது. அதற்கு எந்த அறுவை சிகிச்சையும் தேவையில்லை.

கேள்வி: கணினி உதவியால் புற்றுநோய் அதிகமாகக் கண்டறியப்படுகிறது என்கிறது ஒரு செய்தி, கணினியால் மருத்துவர்களின் திறன் குறைகிறது என்கிறது இன்னொன்று. எது சரி? (வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டும் நடந்தவைதான், கேட்ட கேள்விகள் வேறு. சுவீடனில் 1,05,934 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி மார்பக எக்ஸ்ரே எடுத்ததில், கணினி துணைசெய்த பிரிவில் 338 புற்றுநோய்களும், வழக்கமான பிரிவில் 262-ம் கண்டறியப்பட்டன. படம் பார்க்கும் வேலையும் 44 சதவீதம் குறைந்தது. போலந்தில், குழாய்க் கேமராவால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனைக்குக் கணினித் துணை வந்த பிறகு, அத்துணை இல்லாமல் செய்த பரிசோதனைகளில் மருத்துவர்கள் கட்டிகளைக் கண்டுபிடித்த விகிதம் 28.4-லிருந்து 22.4 சதவீதமாகக் குறைந்ததாக 2025 ஆகஸ்டில் எழுதினார்கள். இது குலுக்கல் முறையில் நடந்ததல்ல; முந்தைய மூன்று மாதங்களையும் பிந்தைய மூன்று மாதங்களையும் ஒப்பிட்டது. எனவே சுவீடன் ஆய்வின் அளவுக்கு இதன்மேல் பாரம் ஏற்ற முடியாது. ஆனாலும் அலட்சியப்படுத்தக் கூடாத எச்சரிக்கை.

சுவீடனின் 44 சதவீதத்தை நம் ஊருக்கு அப்படியே எடுத்து வரவும் முடியாது. அங்கே ஒவ்வொரு படத்தையும் இரண்டு மருத்துவர்கள் பார்ப்பதுதான் வழக்கம். பெரும்பாலான படங்களுக்கு ஒருவரே போதும் என்று கணினி பிரித்துக் கொடுத்ததால் வேலை குறைந்தது. இங்கே அரசின் பொதுப் பரிசோதனைத் திட்டத்தில் முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குச் செய்யப்படுவது, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் தொட்டுப் பார்க்கும் சோதனை. குறைப்பதற்கு இரண்டாவது மருத்துவர் இல்லாத இடத்தில், கணினி எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதை இங்குள்ள பெண்களிடையே, இங்குள்ள மருத்துவமனைகளில் தனியாக ஆராய்ந்துதான் சொல்ல முடியும்.