பையில் எத்தனை வெட்ஜ்?

கேள்வி: என் கோல்ஃப் அயர்ன் செட்டில் வெட்ஜ் (பந்தைக் குறைந்த தூரத்துக்கு உயர்த்தி அடிக்கும் மட்டை) என்று பிட்சிங் வெட்ஜ் மட்டும்தான் இருக்கிறது. 52, 56, 60 டிகிரி மூன்றையும் வாங்கிவிடு என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா, சார்?
- வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: கடைக்குப் போகும் முன், உங்கள் பிட்சிங் வெட்ஜ் எத்தனை டிகிரி, அதாவது அதன் முகம் எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள் தம்பி. பழைய செட்டுகளில் 48 போல இருக்கும். இப்போது வருபவற்றில் பலவும் 44, 45தான். உங்களுடையது 44 என்றால் 50, 56 இரண்டும் போதும். ஒவ்வொன்றுக்கும் நடுவே 4 முதல் 6 டிகிரி இருந்தால், தூரம் சீராகக் குறையும். 60 இப்போது வேண்டாம். அது நிறையப் பயிற்சி கேட்கும். பையில் 14 மட்டைக்கு மேல் வைக்கவும் விதி இடம் தராது.

டிகிரியைவிட நான் கவலைப்படுவது பௌன்ஸைப் பற்றித்தான், அதாவது மட்டையின் அடிப்பாகத்தின் சாய்வு. நம் ஊரில் சாயங்கால மழை பெய்தால் கவ் கிராஸ் புல்தரை ஊறிப்போகும். கோலாலம்பூரில் அப்படி ஒரு நாள், பௌன்ஸ் 4 டிகிரி மட்டுமே உள்ள 58 டிகிரி வெட்ஜால் அடித்தேன். முனை மண்ணுக்குள் புதைந்தது; பந்து இரண்டடிதான் நகர்ந்தது. இன்று என் பையில் இருப்பது 56 டிகிரி, பௌன்ஸ் 12. ஈர மண்ணில் வழுக்கிக்கொண்டு போகிறது, மணல் குழியிலும் அப்படித்தான்.

அப்புறம், ஒரே மாடலில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. செகண்ட் ஹேண்டில் எடுத்தால் மட்டையின் முகத்திலுள்ள கோடுகளை விரலால் தடவிப் பாருங்கள். மழுங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.