சுருக்குப்பை மாதிரி ஒரு வாலட்

கேள்வி: ஆச்சி, காரைக்குடியிலருந்து அடிக்கடி பல்லவன் ரயில்ல சென்னை போறேன், ஹேண்ட்பேக் தூக்கி தோள்பட்டை வலிக்குது. சின்ன டிராவல் வாலட் மட்டும் போதுமா?

பதில்: தாராளமா போதும்த்தா. எங்க அப்பத்தா இடுப்புல சொருகுன சுருக்குப்பையில சில்லறை, சாவி, வெத்தலை பாக்குன்னு எல்லாத்தயும் வச்சுக்கிட்டே பிள்ளையார்பட்டி போயிட்டு வந்துருவாக. பாஸ்போர்ட் 12.5க்கு 8.8 சென்டிமீட்டர், அது நுழையிற சைஸ்ல ஜிப் வச்சதா வாங்கு, ஏடிஎம் கார்டு, மடிச்ச நோட்டு, மாத்திரை அட்டை எல்லாம் அடங்கிரும், போன் அதவிட நீளம்கிறதால கடையிலயே போட்டுப் பாத்துக்க. 2018லருந்து டிஜிலாக்கர்ங்கிற அரசாங்க ஆப்ல இருக்க ஆதாரயும் லைசென்ஸயும் ரயில்ல அடையாளச் சான்றா ஏத்துக்கிறாக, ஆனா நாமளா போட்டோ புடிச்சு ஏத்துனது செல்லாது. நம்ம வீட்டு முகப்புச் சாவி மட்டும் எந்த வாலட்லயும் அடங்காது, பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போ.