வினைக்குப் பின்னால் வரும் ‘ஆஃப்’: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஆங்கிலத்தின் ‘ஆஃப்’ (of) பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆங்கில வாக்கியம் வரும் இடங்களில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பாதி விஷயம் காதிலேயே பிடிபடும்.

கல்லூரி மாணவி: ‘திஸ் பென் இஸ் ஆஃப் மீ’ என்று எழுதினேன். மேடம் சிவப்பு மையில் அடித்துவிட்டார். ‘ஆஃப்’ என்றால் ‘உடைய’ என்றுதானே அர்த்தம் சார்?

அப்படி மனப்பாடம் செய்ததில்தான் சிக்கலே தொடங்குகிறது அம்மா. தமிழிலேயே பாருங்கள். ‘இந்தப் பேனா என்னுடைய’ என்று யாரும் நிறுத்த மாட்டோம். ‘என்னுடையது’ என்றால்தான் வாக்கியம் முடியும். அந்த ‘என்னுடையது’தான் ஆங்கிலத்தில் ‘மைன்’. ஆகவே ‘திஸ் பென் இஸ் மைன்’. ‘பிலாங்ஸ்’ போட்டால் ‘பிலாங்ஸ் டு மீ’. அங்கேயும் ‘ஆஃப்’ கிடையாது.

பள்ளியில் வேற்றுமை படித்தது நினைவிருக்கிறதா? ‘உடைய’ என்ற பொருள் தரும் ஆறாம் வேற்றுமை பெயரைக் கொண்டு முடியும், வினையைக் கொண்டு முடியாது. ‘முருகனது வேல்’ சரி. ‘முருகனது பார்த்தேன்’ என்று ஒரு வாக்கியம் உண்டா? கிடையாது. ஆனால் ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ ஏராளமான வினைகளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அப்படி வினையோடு சேர்ந்து நிற்கும் ‘ஆஃப்’ உங்கள் ‘உடைய’ அல்ல. ‘இருந்து’, ‘பற்றி’, ‘ஆல்’, ‘இடம்’ என்று இடத்துக்கு இடம் வேறு உருபு கேட்கும். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

‘திஸ் இஸ் ஆஃப் கிரேட் வேல்யூ’ என்று வருகிறதே என்பீர்கள். அது சரியான வாக்கியம். அங்கே ‘ஆஃப்’ உரிமையைச் சொல்லவில்லை, ‘மதிப்பு மிக்கது’ என்று தன்மையைச் சொல்கிறது.

வங்கி ஊழியர்: ‘ஐ மெட் எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ என்பதில் ‘ஆஃப்’, ‘மைன்’ இரண்டுமே உரிமைச் சொற்கள்தானே? ஒன்று போதாதா?

போதாது. ‘எ’, ‘மை’ இரண்டும் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுபவை. ‘எ மை ஃப்ரெண்ட்’ என்று சேர்ந்து உட்கார முடியாது. அதனால் ‘மை’ பின்னால் போய் ‘ஆஃப் மைன்’ ஆகிறது. நாம் ‘என் நண்பன் ஒருவன்’ என்று ‘ஒருவனை’ப் பின்னால் தள்ளுவதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

இரட்டிப்பு வீண் இல்லை என்பதற்கு ஓர் உதாரணம். சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. ‘எ ஃபோட்டோ ஆஃப் மை ஃபாதர்’ என்றால் படத்தில் இருப்பவர் அப்பா. ‘எ ஃபோட்டோ ஆஃப் மை ஃபாதர்ஸ்’ என்றால் படம் அப்பாவுக்குச் சொந்தம், அல்லது அவர் எடுத்தது. படத்தில் மாமரம்கூட இருக்கலாம். கடைசியில் வரும் ஒரு ‘ஸ்’ எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்! இது மனிதர்களுக்குத்தான். மேசையின் காலுக்கு ‘எ லெக் ஆஃப் தி டேபிள்’ போதும்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: ‘தட் பிரதர் ஆஃப் யுவர்ஸ்’. இதை அப்படியே நாம் பேசுகிறோம், ‘உன் தம்பி இருக்கானே...’ என்று. அடுத்து வரப்போவது புகாரா பாராட்டா என்பது குரலில் தெரிந்துவிடும்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: ‘தே ராப்ட் ஹிம் ஆஃப் ஹிஸ் மனி’. இதில் ‘ஆஃப்’ ஏன் என்று எத்தனை முறை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை அண்ணா.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், ஏறிவிடும். பழைய ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ என்றால் ‘இருந்து, விலகி’ என்றுதான் பொருள். இன்று ஒரு ‘எஃப்’ கூடுதலாகப் போட்டு எழுதுகிறோமே, விளக்கை அணைக்கும் ‘ஆஃப்’, அதுவும் இதுவும் பிறப்பில் ஒரே சொல். பின்னால்தான் இரண்டாகப் பிரிந்தன. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சின் தாக்கம் பெருகியது. பிரெஞ்சில் ‘து’ என்ற ஒரே சொல் ‘இருந்து’, ‘உடைய’ இரண்டுக்கும் வரும். அந்தப் பழக்கமும் சேர்ந்து ‘ஆஃப்’க்கு ‘உடைய’ என்ற பொருளை வலுவாக்கியது. ஆனால் சில வினைகளின் பின்னால் அந்தப் பழைய ‘விலகி’ இன்னும் உயிரோடு இருக்கிறது.

இப்போது வாக்கியத்தைப் பாருங்கள். அவனைப் பணத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். ‘க்யூர்ட் ஹெர் ஆஃப் தி டிசீஸ்’: அவளை நோயிலிருந்து விடுவித்தார்கள். ‘டிப்ரைவ்’, ‘ரிட்’, ‘ரிலீவ்’, ‘ஸ்ட்ரிப்’ எல்லாம் இதே குடும்பம். முதலில் ஆள், பிறகு ‘ஆஃப்’, பிறகு அவரை விட்டுப் போகும் பொருள். நாம் தமிழில் ‘அவனிடமிருந்து பணத்தை’ என்று பொருளைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதால் ‘தே ராப்ட் ஹிஸ் மனி’ என்று எழுதிவிடுகிறோம். பணத்தைச் சொல்ல வேண்டுமானால் வினையையே மாற்றுங்கள்: ‘தே ஸ்டோல் ஹிஸ் மனி’.

‘அக்யூஸ்’, ‘ரிமைண்ட்’, ‘இன்ஃபார்ம்’, ‘வார்ன்’ இவற்றுக்கும் அதே வரிசைதான், ஆனால் இங்கே ‘ஆஃப்’ கிட்டத்தட்ட ‘பற்றி’.

இல்லத்தரசி, திருநெல்வேலி: என் மகள் ‘ஹர்ட் ஆஃப்’ (heard of), ‘ஹர்ட் ஃப்ரம்’ (heard from) இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள்.

‘ஐ ஹேவ் ஹர்ட் ஆஃப் ஹிம்’ என்றால் அப்படி ஒருவர் இருப்பது தெரியும், அவ்வளவுதான். ‘ஹர்ட் ஃப்ரம் ஹிம்’ என்றால் அவரிடமிருந்தே கடிதமோ போனோ வந்தது. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு ‘ஐ ஹேவ் நாட் ஹர்ட் ஆஃப் யூ’ என்று எழுதினால், ‘உங்களைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை’ என்று ஆகிவிடும்! மகளிடம் இந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

பத்திரிகைப் பிழை திருத்துநர்: ‘கம்ப்ரைசஸ் ஆஃப்’ சரியா?

இல்லை. ‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப்’ சரி. ‘கம்ப்ரைசஸ்’ தனியாகவே நிற்கும். ‘இஸ் கம்ப்ரைஸ்ட் ஆஃப்’ பரவலாகப் புழங்குகிறது, ஆனாலும் உங்கள் வேலையில் அதைத் தவிர்ப்பது நல்லது.

பள்ளி ஆசிரியர்: ‘ஐ டோன்ட் அப்ரூவ் ஆஃப் ஹிஸ் கோயிங்’, ‘ஆஃப் ஹிம் கோயிங்’. பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித் தருவது?

இந்தச் சண்டைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ‘ஹிம் கோயிங்’ போன்றவற்றுக்கு ‘ஃப்யூஸ்டு பார்ட்டிசிபிள்’ என்று பேர் வைத்து, 1906-லேயே ஆங்கில நடை பற்றி நூல் எழுதிய ஃபவுலர் சகோதரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பேச்சு வழக்கு அவர்களைக் கேட்கவில்லை. நாம் ‘அவன் போவது’ என்று எழுவாயாகவே வைத்துக்கொள்வதால் தமிழை வைத்தும் இதை முடிவுசெய்ய முடியாது. என் பழக்கம் இது: தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ‘ஹிஸ்’. பேச்சில் ‘ஹிம்’ வந்தால் பிள்ளைகளைத் திருத்துவதில்லை.

ஓய்வு பெற்ற எழுத்தர்: பழைய கடிதங்களில் ‘மே ஐ ஆஸ்க் எ ஃபேவர் ஆஃப் யூ’ என்று பார்த்திருக்கிறேன். இப்போதும் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம் ஐயா, கொஞ்சம் மரியாதை தொனிக்கும், அவ்வளவுதான். இங்கே ‘ஆஃப் யூ’ என்பது ‘உங்களிடம்’. ‘வாட் டூ யூ எக்ஸ்பெக்ட் ஆஃப் மீ?’ என்பதும் அப்படியே: என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?