கறுப்புக்கல், வெள்ளைக்கல்: வாசகர் கேள்வி பதில்

ஐயா, கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து இடம் பிடிக்கும் ‘கோ’ என்ற பலகை ஆட்டத்தை ஆன்லைனில் ஆடுகிறேன். 15 கியூ என்ற தரத்தைத் தாண்ட முடியவில்லை (எண் குறையக் குறையத் தரம் உயரும்). ஜோசெகி நிறைய மனப்பாடம் செய்திருக்கிறேன். தொடக்கம் நன்றாகத்தான் போகிறது. நடுவில் என் கற்களில் ஒரு கூட்டமே சூழப்பட்டுச் செத்துவிடுகிறது. அடுத்து எதைப் படிப்பது?
– கல்லூரி மாணவர், பாலக்கோடு

ஜோசெகியைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள் தம்பி. மூலையில் இரண்டு பேருக்கும் பாதகமில்லாமல் ஆடி முடிக்கும் வரிசை அது. எதிராளி வரிசையை விட்டு விலகினால் என்ன செய்வது என்று மனப்பாடம் சொல்லித் தராது. போதாததற்கு அது மாறிக்கொண்டும் இருக்கிறது. 2016 மார்ச்சில் சியோலில் தென் கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் 4-1 என்று வென்றது. அதற்குப் பிந்தைய வருடங்களில், தொடக்கத்திலேயே எதிராளியின் மூலைக்குள் 3-3 புள்ளியில் (இரு விளிம்பிலிருந்தும் மூன்றாவது கோடுகள் சேரும் இடம்) நுழைவது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் அப்படி வைத்தால் வாத்தியார் திட்டுவார்.

கூட்டம் சாகிறது என்றீர்களே, வைத்தியத்தை அங்கே தொடங்குங்கள். பிழைக்க இரண்டு கண், அதாவது கூட்டம் தனக்குள் சூழ்ந்து வைத்த தனித்தனிக் காலி இடம் இரண்டு, வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே காலி இடம் எந்த வடிவில் இருந்தால் அந்த இரண்டு கண் வரும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். நேராக மூன்று இடமா? நடுவில் முதலில் வைப்பவர் கையில் உயிர். நேராக நான்கா? பிழைத்தாயிற்று, தைரியமாக வேறு பக்கம் போங்கள். அதே நான்கு சதுரமாக இருந்தால் செத்ததுதான்.

சதுர நாலை யாரும் லேசில் நம்புவதில்லை. கிருஷ்ணகிரியில் என் வீட்டுத் திண்ணைக்கு ஞாயிறு மாலை ஆட வரும் பையன் ஒருவன், “நாலு இடம் இருக்கே சார், எப்படிச் சாகும்?” என்று சண்டைக்கு வந்தான். அவனைத் தாக்கும் பக்கம் உட்கார வைத்துவிட்டு, கூட்டத்தைக் காப்பாற்ற உள்ளே நான் ஒரு கல் வைத்தேன். மிச்சம் மூன்று இடம், வளைந்து நின்றது. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் பார்த்தவன், கடைசியில் வளைவிலேயே கல்லை வைத்தான்; எனக்கு இரண்டு கண் வராமல் போயிற்று. அப்புறம் வாக்குவாதம் இல்லை.

தினமும் ஐந்தாறு உயிர்-சாவுப் புதிர் போடுங்கள். சுலபமானதே போதும். ஆனால் விடை முழுக்க மனசுக்குள் ஓடி முடியும் வரை திரையைத் தொடக் கூடாது. வைத்துப் பார்த்துத் திருத்துகிற பழக்கம்தான் 15 கியூவிலேயே பிடித்து நிறுத்துகிறது என்பது என் அபிப்பிராயம்.

லேடரில் (எதிராளியின் கல்லைப் படிக்கட்டுபோல விளிம்பு வரை விரட்டுவது) துரத்தப் போய் நானே மாட்டிக்கொள்கிறேனே?
– வாசகி, ஊத்தங்கரை

முதல் கல்லை வைக்கும் முன், ஓடப்போகும் திசையில் குறுக்குக்கோடாகப் பலகை விளிம்பு வரை கண்ணை ஓட்டுங்கள். வழியில் எதிராளியின் கல் இருந்து, ஓடுகிற கல் அதோடு சேர்ந்துவிட்டால் போச்சு. துரத்திய உங்கள் கற்களுக்கு நடுவே அவர் எங்கே வைத்தாலும் இரட்டை அட்டாரி (அட்டாரி என்றால் அடுத்த கல்லில் பிடிபடும் நிலை; இங்கே ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில்). அப்படிப்பட்ட இடத்தில் ஒட்டித் துரத்தாமல், ஓர் அடி தள்ளி வைத்து வலைபோல மூட முடியுமா என்று பாருங்கள். அட்டாரி, அட்டாரி என்று விரட்டும் குஷி இதில் கிடையாது. வலை சரியாக விழுந்தால் கல் தப்பாது.

கோ பலகை கடைகளில் கிடைக்கவில்லை. பள்ளியில் எப்படித் தொடங்குவது?
– ஆசிரியை, அரூர்

சார்ட் பேப்பரில் குறுக்கே ஒன்பது, நெடுக்கே ஒன்பது கோடு போடுங்கள் அம்மா. 81 சந்திப்பு கிடைக்கும். கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்கு மொச்சை. நம் பக்கம் இரண்டுக்கும் பஞ்சமா? ஆளுக்கு நாற்பது எண்ணிக் கொடுங்கள். ஆடுபுலி ஆட்டம் மாதிரி கோடுகள் சேரும் இடத்தில்தான் வைக்க வேண்டும். செஸ் பழகிய பிள்ளைகள் முதல் நாள் கட்டத்துக்குள் வைப்பார்கள், விடுங்கள். வைத்த கல் நகராது; பிடிபட்டால் மட்டும் வெளியே போகும். 361 சந்திப்புள்ள 19 கோட்டுப் பலகைக்கு அவசரமே இல்லை. ஃபேனுக்கு அடியில் மட்டும் விரிக்காதீர்கள்.

பேரன் 10 கியூ, நான் 15. ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வழி உண்டா?
– ஓய்வுபெற்றவர், ஓசூர்

உண்டு. 19 கோட்டுப் பலகையில் ஒரு தரத்துக்கு ஒரு கல் என்பது கணக்கு. நீங்கள் கறுப்பு. நான்கு மூலை நட்சத்திரப் புள்ளிகளிலும் (பலகையில் பொட்டு வைத்திருக்கும் இடங்கள்) நடுப்புள்ளியிலுமாக ஐந்து கல்லை முன்கூட்டியே வைத்துவிட்டு, “ஆடுப்பா” என்று சொல்லுங்கள். சமமாக ஆடும்போது வெள்ளைக்குத் தரும் ஆறரைப் புள்ளி கோமியை இதில் கேட்டால் கொடுக்காதீர்கள். அரைப் புள்ளி மட்டும் உண்டு, அதுவும் டிரா ஆகாமல் இருக்க.