ஜாம்பியா தன் தாமிரத்தையும் சுண்ணாம்புக் கல்லையும் வைத்து முன்னேற முடியுமா? அங்கே தொழில் தொடங்க நினைக்கும் என் தம்பி என்ன செய்யலாம்?

முடியும் என்றுதான் நம்புகிறேன். ஆனால் புதிதாக எத்தனை சுரங்கம் திறக்கிறார்கள் என்பதை வைத்து அதை அளக்க முடியாது. ஜாம்பியாவின் தாமிரச் சுரங்க நகரமான கிட்வேயில் சுரங்கங்களுக்கு பம்பும் வால்வும் சப்ளை செய்யும் ஒரு கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்தேன். அங்கே எனக்குப் புரிந்தது இதுதான்: தாதுவைச் சுற்றி நடக்கும் வேலைகளில் எவ்வளவு உள்ளூர்க்காரர்கள் கையில் இருக்கிறதோ, அவ்வளவுதான் நாட்டுக்கு மிஞ்சும்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964-ல் விடுதலை. 1969-ல் முதல் அதிபர் கவுண்டாவின் அரசு சுரங்கங்களில் 51 சதவீதப் பங்கு எடுப்பதாக அறிவித்தது. அப்போது ஆண்டுக்கு 7 லட்சம் டன்னுக்கு மேல் தாமிரம் எடுத்தார்கள். எழுபதுகளின் நடுவில் விலை விழுந்தது, கடன் ஏறியது, இயந்திரங்களைப் புதுப்பிக்கப் பணம் இல்லை. 2000 வாக்கில் உற்பத்தி இரண்டரை லட்சம் டன் அளவுக்குச் சுருங்கி, சுரங்கங்கள் தனியாருக்குப் போயின. அந்த ஒப்பந்தங்களில் சிலவற்றில் ராயல்டி, அதாவது எடுக்கும் தாதுவுக்காக அரசுக்குக் கட்டும் தொகை, வெறும் 0.6 சதவீதம். விலை ஏறியதும் 2008-ல் கூடுதல் லாப வரி போட்டார்கள், அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள். முதலில் அடிமாட்டு விலைக்கு ஒப்புக்கொண்டது, பிறகு அடிக்கடி விதியை மாற்றியது, இரண்டுமே நாட்டைப் பாதித்தன. வயதான தொழிலாளர்கள் அரசுக் கம்பெனி காலத்து ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் கால்பந்து கிளப்பையும் பற்றி இன்னும் ஏக்கத்தோடு பேசுவார்கள்.

2024-ல் உற்பத்தி 8 லட்சம் டன்னைத் தாண்டியது. 2031-க்குள் 30 லட்சம் டன் என்பது அரசின் இலக்கு. இதற்கு முதல் தடை மின்சாரம். சிலிலாபோம்ப்வேயில் உள்ள கொன்கோலா, உலகிலேயே அதிக நீர் ஊறும் சுரங்கங்களில் ஒன்று. தினமும் 3 லட்சம் கன மீட்டர் அளவுக்குத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்பு நின்றால் சுரங்கம் மூழ்கும். நாட்டின் மின்சாரமோ பெரும்பாலும் நீர்மின்சாரம், அதில் ஏறக்குறைய பாதி சுரங்கங்களுக்கே போகிறது. 2024 வறட்சியில் கரிபா ஏரி வற்றியபோது ஊரில் வீடுகள் நாள் முழுக்க இருட்டில் கிடந்தன. அதனால் யாராவது புதுச் சுரங்கம் என்று சொன்னால், கரண்ட் எங்கிருந்து வரும் என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம் உதிரிபாகம். தாதுக் குழம்பை இறைக்கும் பம்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் சக்கரம்) சில வாரங்களிலேயே தேய்ந்துவிடும். நாங்கள் விற்றதில் பெரும்பகுதி ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து லாரியில் வந்தது. கிட்வேயிலேயே வார்ப்படப் பட்டறைகள் இருக்கின்றன, கைதேர்ந்த ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் சுரங்கத்தின் கொள்முதல் பட்டியலில் "உள்ளூர் சப்ளையர்" என்று இருந்த பலர், இறக்குமதிச் சரக்குக்கு பில் மட்டும் போட்டுக் கொடுப்பவர்கள். ஒரு இம்பெல்லரை அங்கேயே வார்த்தால் வார்ப்படக்காரர், கடைசல்காரர், பரிசோதகர் என்று நாலு பேர் குடும்பம் பிழைக்கும். பில் போடுபவருக்கு ஒரு மேஜை போதும்.

முஃபுலிரா என்ற சுரங்க ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே ஸ்மெல்ட்டரை (தாமிர உருக்காலையை) ஒட்டி கான்கோயோ என்ற தொழிலாளர் குடியிருப்பு. கந்தக டை ஆக்சைடு புகை பல பத்தாண்டுகள் அப்படியே ஊருக்குள் இறங்கியது. தகரக் கூரைகள் அரித்துச் சல்லடையாகிவிட்டன, சுவர்ப் பூச்சு உதிர்ந்துபோனது, முற்றத்தில் கீரை வளராது. அந்தத் தெருவில் நின்றால் தொண்டை எரியும் என்று அங்கு வளர்ந்த ஒரு சக ஊழியர் சொல்வார். 2014-ல் புதிய அமில ஆலை முடிந்த பிறகு புகையில் பெரும்பகுதியைப் பிடித்துக் கந்தக அமிலமாக்குகிறார்கள். தாதுவைக் கரைத்துத் தாமிரம் பிரிக்க அந்த அமிலம்தான் தேவை. எல்லைக்கு அந்தப் பக்கம் காங்கோவிலும் அதற்கு நல்ல கிராக்கி. மக்களின் நுரையீரலுக்குள் போனதெல்லாம் விற்கக்கூடிய சரக்கு. இதை நாற்பது வருடம் முன்பே செய்திருக்கலாம் என்று நினைக்கும்போது இன்றும் கோபம் வருகிறது.

சுண்ணாம்புக் கல்லை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அதில்தான் அதிக நம்பிக்கை. இண்டோலா நகரத்தின் சுற்றுவட்டாரத்தில் அது தாராளம். தாமிரத் தாதுவை மிதக்கவிட்டுப் பிரிக்கும்போது காரத்தன்மையைச் சரியாக வைத்துக்கொள்ளவும், அமிலக் கழிவை நடுநிலையாக்கவும் சுட்ட சுண்ணாம்பு வேண்டும். சிமெண்டுக்கும் அதே கல்தான். இண்டோலா அருகே டாங்கோட்டேவின் சிமெண்ட் ஆலை 2015-ல் திறந்தது. தாமிரத்தின் விலையை லண்டன் சந்தை முடிவு செய்கிறது. சுண்ணாம்பின் விலையைப் பக்கத்துச் சுரங்கத்தோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

2025 பிப்ரவரியில் சம்பிஷியில் சீன அரசு நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டில் உள்ள ஆலையின் கழிவு அணை உடைந்து, அமிலக் கழிவு காஃபுவே ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன, கிட்வேக்குக் குடிநீர் நின்றது. விமானப்படை விமானத்திலிருந்தும் படகிலிருந்தும் ஆற்றில் சுண்ணாம்பு கொட்டினார்கள். தூத்துக்குடியில் 2018-ல் 13 பேரைப் பறிகொடுத்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்டெர்லைட்டின் தாய் நிறுவனமான வேதாந்தாவின் கையில்தான் கொன்கோலாவும் இருக்கிறது. சிங்கோலா அருகே உள்ள கிராமத்தினர் அதே நிறுவனத்தின் சுரங்கத்தால் தங்கள் தண்ணீர் கெட்டதென்று லண்டன் நீதிமன்றம் வரை போனார்கள். வழக்கை அங்கேயே நடத்தலாம் என்று 2019-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சரி, உங்கள் தம்பி அங்கே தொழில் தொடங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுரங்கம் வாங்கும் ஆசையை விடச் சொல்லுங்கள். பம்பு பழுதுபார்ப்பு, ரப்பர் லைனிங், தாது அரைக்கும் இரும்புக் குண்டு வார்ப்பு, சுண்ணாம்புச் சூளை, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம், இவற்றில் எதற்கும் வாடிக்கையாளர் பஞ்சம் இருக்காது. உள்ளூர்க்காரர் ஒருவரைப் பெயருக்கு மட்டும் சேர்க்காமல் உண்மையான பங்குதாரராகச் சேர்த்துக்கொள்ளட்டும், அவருக்கு வேலையும் கற்றுக்கொடுக்கட்டும். சுரங்கங்களிடமிருந்து பில் பணம் வர மூன்று மாதம்கூட ஆகும், அதுவரை சம்பளம் கொடுக்கக் கையில் முதல் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் செலவையும் முதல் நாளே கணக்கில் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.