பிளாஸ்மா கட்டிங்கில் அடியில் கசடு ஒட்டுகிறது, 2 நாளுக்கு ஒரு நாசில் போகிறது. மெஷின் மோசமா?

பெங்களூரு பீன்யாவில் சின்ன ஷெட், 40 ஆம்ப் இன்வெர்ட்டர் மெஷின், 8 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட் என்று எழுதியிருக்கிறீர்கள். பிளாஸ்மா என்பது மின் ஆர்க்கால் கொதித்த காற்று; டார்ச் நுனியில் உள்ள நாசில் ஓட்டை வழியாகப் பீறிட்டு இரும்பை உருக்கி வெட்டுகிறது. மெஷினைத் திட்டும் முன் கம்ப்ரசர் டேங்கின் அடி வால்வைத் திறந்து பாருங்கள். கலங்கல் தண்ணீர் கொட்டினால் நாசிலைத் தின்பது அதுதான். மழைக்காலத்தில் காலையும் மதியமும் வடித்தே ஆக வேண்டும். பிறகு ஆர்க் இல்லாமல் காற்றை மட்டும் விட்டு, நாசில் முன்னால் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். ஒரு பொட்டு ஈரமோ எண்ணெயோ விழுந்தால் ஃபில்டரை மாற்றுங்கள்.

காற்றழுத்தம் காட்டும் கேஜை, காற்று ஓடும்போது பார்க்க வேண்டும். சும்மா இருக்கையில் 6 பார் காட்டிவிட்டு, ஸ்விட்சை அழுத்தியதும் 3-க்கு இறங்கினால் ஹோஸ் மெலிது, அல்லது கம்ப்ரசருக்குத் தெம்பில்லை. ஓடும்போது 4.5 முதல் 5 பார் நிற்கட்டும். உங்கள் டார்ச்சின் மேனுவல் வேறு சொன்னால் அதையே வையுங்கள்.

கசடைக் கையில் எடுத்துப் பாருங்கள். தடியாக, நுரைத்த மாதிரி இருந்து, சுத்தியால் தட்டினால் உதிர்ந்தால் கை மெதுவாகப் போகிறது. மெல்லிய கோடாக, கிரைண்டர் வைத்தால்தான் போகும் என்றால் வேகம் அதிகம். பொறி பிளேட்டுக்கு அடியில், கை போகும் திசைக்கு எதிராகக் கொஞ்சம் சாய்ந்து கொட்ட வேண்டும். மேலே தெறித்தால் வெட்டு ஊடுருவவில்லை, வேகத்தைக் குறையுங்கள்.

வெட்டிய ஓரம் சாய்கிறதா? நாசில் ஓட்டையை வெளிச்சத்தில் பாருங்கள். வட்டம் முட்டை வடிவமாகியிருந்தால் தூக்கிப் போடுங்கள். நாசிலுக்குள் இருந்து ஆர்க்கைக் கிளப்பும் எலக்ட்ரோடு நுனியின் குழி 1.5 மி.மீ. தாண்டினால் அதுவும் போச்சு. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்; பழைய எலக்ட்ரோடு புது நாசிலையும் கெடுக்கும். டார்ச் உயரமாக இருந்தாலும் சாய்வு வரும். ஷீல்டு (நாசிலை மூடும் காப்பு மூடி) இல்லாத நாசில் என்றால் 2, 3 மி.மீ. தூக்கிப் பிடியுங்கள். பிளேட்டில் உரசினால் ஆர்க் நாசில் வழியாகவே பாய்ந்து ஓட்டையை உருக்கிவிடும். பெரும்பாலான டார்ச்சில் போகும் திசைக்கு வலது ஓரம்தான் நேராக வரும். வேண்டிய துண்டு வலப்பக்கம், ஸ்கிராப் இடப்பக்கம் விழும்படி கோடு போடுங்கள்.

நடுவில் துளை போட்டுத் தொடங்குவதானால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பொறி மறுபக்கம் சிதற விட்டு, ஊடுருவியதும் நிமிர்த்துங்கள். நேராக வைத்து அழுத்தினால் உருகிய இரும்பு நாசிலுக்குள்ளேயே தெறிக்கும். மின்சாரம் மெஷினுக்குத் திரும்பும் எர்த் கிளாம்ப், துரு, பெயின்ட் சுரண்டிய இடத்தில், வெட்டும் பிளேட்டிலேயே இருக்கட்டும். மேஜைக் காலில் மாட்டாதீர்கள்.

“கேஸ் கட்டிங்கே (ஆக்சிஜனும் எரிவாயுவும் வைத்து வெட்டுவது) மேல்” என்று சிலர் வந்து சொல்வார்கள். 40, 50 மி.மீ. தடிமனுக்குச் சரிதான், மறுக்கவில்லை. 8 மி.மீ.யில் சூடு அதிகம் பரவி பிளேட் வளையும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வேலைக்கு வரும் பையன்களின் சம்பளத்தில் நாசில் காசைப் பிடிக்கும் வழக்கம் பல ஷெட்டில் உண்டு. டேங்கில் தண்ணீர் தேங்கியதற்கு அவன் என்ன செய்வான்? தண்ணீர் வடிக்க நேரம் கொடுங்கள், கண்ணைக் காக்க 40 ஆம்புக்கு 5 அல்லது 6-ம் எண் வெல்டிங் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். கறுப்புக் கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது.